சொட்டு மாமா வீட்டுக் காளான்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொட்டு மாமா என்பார்கள். நேரில் இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் என் முதுகுக்கும் காது உண்டு. யாரைப் பார்த்தாலும் "வீட்ல எங்கயாச்சும் சொட்டுதா?" என்று கேட்பேன், அதனால் வந்த பெயர். மற்றவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பதில்லையா, அது மாதிரிதான் நானும் விசாரிக்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என் தொழில் நீர்க்கசிவை நிறுத்துவது. மொட்டைமாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, மழைச்சாரல் அடிக்கிற சுவர், எதுவாக இருந்தாலும் உடைத்துப் பார்த்து, கசிகிற இடத்தைக் கண்டுபிடித்து, என் சொந்தக் கலவையைப் பூசி அடைப்பேன். இருபத்திரண்டு வருடங்களாக, சுவரில் ஊறி ஏறுகிற ஓதத்தோடு மல்லுக்கட்டுகிறவன். என் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறேன்: "இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு புகாரும் இல்லை." ஒவ்வொரு வருடமும் முதல் சொல்லை மட்டும் அழித்து எழுதுவேன். வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு புகார்ப் புத்தகம் தொங்குகிறது. அதில் நூல் கட்டிய பேனாவும் உண்டு. அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. விருந்தாளி யாராவது வந்தால் அந்த வெற்றுப் பக்கங்களைப் புரட்டிக் காட்டுவேன்.

விருந்தாளிகள் அதிகம் வருவதில்லை என்பது வேறு விஷயம். ஹாலில் ஈரம் பார்க்கிற மீட்டர் மாட்டியிருக்கிறேன். அது முப்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூலையில் நிற்கும் இயந்திரத்தைப் போடுவேன், அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும். குளித்தவர் குளியலறைச் சுவரை ரப்பர் துடைப்பானால் வழித்து, துணியால் துடைத்து, கடைசியாகத் தன் காலடியையும் துடைத்துவிட்டு வெளியே வர வேண்டும். என் தங்கை ஒரு தடவை வந்து இரண்டு நாள் தங்கினாள். உதடு வெடித்துப் போய்க் கிளம்பும்போது, "அண்ணா, உங்க வீட்ல துணி காயக் கொடியே வேணாம். மனுஷங்களே காஞ்சு போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், இன்னும் வரவில்லை.

இந்த வீட்டில் என்னோடு இருப்பவள் என் மனைவி ஒருத்திதான். பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். நாற்பத்தேழாம் எண் மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று அவள் சொன்னால்தான் ஊரே நகரும். போன வருடம் நிர்வாகத்தார் அவளை ஒரு கண்ணாடி அறையில் ஒரு வாரம் உட்கார வைத்தார்கள். சுழியிலிருந்து நூறு வரை எண்களையும், வரும், புறப்படும், தாமதத்திற்கு வருந்துகிறோம் என்பதையெல்லாம் தனித்தனியாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். எட்டாவது நாள் ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரலை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அது மூன்று ஷிப்டும் பார்க்கிறது, லீவு போடுவதில்லை.

ஒரு நாள் அந்தப் பக்கம் போய், அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்தாள். "அவ நல்லாத்தான் பேசறா. நான் எதுக்கு?" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. "ம்." "இல்ல." "உப்பு போதுமா?" பதினொரு மாதம் இவ்வளவுதான். நான் பேசுவேன், சுவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும். எந்த வீட்டுக் குழாயில் எங்கே கோளாறு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறவன் நான். என் வீட்டில் பேச்சு எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பில்லை. அது என்னை உள்ளுக்குள் அரித்தது.

ஒரு சனிக்கிழமை, காய்கறிக் கடைச் சுவரில் ஏதோ பயிற்சி வகுப்பு நோட்டீஸ் பார்த்துவிட்டுப் போனவள், மாலையில் ஒரு கட்டு வைக்கோலும் ஒரு சின்னப் பொட்டலமும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வீட்ல காளான் வளர்க்கப் போறேங்க. சாப்பிடற காளான்."

பதினொரு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. என் தொழிலில் ஒரு சுவரில் காளான் முளைத்தால் அந்தச் சுவரைப் பூசியவன் தலைமறைவாகிவிட வேண்டியதுதான். காளானா, என் வீட்டிலா என்று ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"சரி. எங்க வெக்கப் போறே?" என்றேன்.

சாமான் அறையைக் காட்டினாள். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி ஊற வைத்தாள். பெரிய பாத்திரத்தில் வேக வைத்து, துணியில் பரப்பி ஆற விட்டாள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது, அதுதான் பதமாம். "பாத்தியா, இதுவும் நம்ம கட்சிதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதடு கொஞ்சம் அசைந்தது. பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், அதன் மேல் பொட்டலத்திலிருந்த காளான் விதை, மறுபடி வைக்கோல், மறுபடி விதை. இப்படி இரண்டு பைகள். வாயைக் கட்டி, சுத்தமான கம்பியால் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு துளை போட்டு, சாமான் அறைக் கொக்கிகளில் தொங்க விட்டாள். அந்தத் துளைகள் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை, குளித்துவிட்டு வழக்கம்போலச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாமான் அறையிலிருந்து குரல் கேட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதலாம் நடைமேடையில் உள்ள பையில் வெள்ளை இழைகள் கால்வாசி தூரத்தைக் கடந்துவிட்டன. இரண்டாம் நடைமேடையில் உள்ள பை சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. தாமதத்திற்கு வருந்துகிறோம்."

துடைப்பானும் கையுமாக நின்றேன். சொல்வதற்கென்ன, அழுதேன். உடனே கன்னத்தையும் துடைத்துக்கொண்டேன், வீட்டு விதி.

அன்று முதல் பைகளுக்குக் காலையும் மாலையும் அறிவிப்பு நடந்தது. மெல்ல மெல்ல எனக்கும் ஒன்றிரண்டு அறிவிப்பு வந்தது. "சாப்பாடு தயார் நிலையில் உள்ளது. கை கழுவாத பயணிகள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்." நான் வேண்டுமென்றே கை கழுவாமல் போய் உட்காருவேன், இரண்டாவது அறிவிப்பும் கிடைக்கும் என்று. ஐம்பத்தோரு வயதில் இந்த அற்பத்தனம் தேவையா என்றால், தேவைதான்.

பன்னிரண்டாம் நாள் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அன்று ஒரு தண்ணீர்த் தொட்டியோடு காலையிலிருந்து போராடிவிட்டு, எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். சாமான் அறையை எட்டிப் பார்த்தேன். முதல் பையின் துளைகளில் நீர் துளிர்த்து, ஒரு கோடாக இறங்கி, என் சுவரில் ஓடியிருந்தது. என் சுவரில்! அதற்கப்புறம் நடந்ததற்கு மூளை பொறுப்பில்லை, கைதான். சட்டைப்பையிலிருந்த சாம்பல் நிறப் பசையை எடுத்து, பன்னிரண்டு துளைகளையும் அடைத்து, கட்டைவிரலால் இழுத்து வழவழப்பாக்கி, ஓரத்தையும் துடைத்துவிட்டேன். இரண்டாவது பை கசியவில்லை, அதனால் தப்பியது. வேலை சுத்தமாக இருந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

மூன்றே நாளில் புளித்த வாடை வந்தது. பைக்குள் மஞ்சள் தண்ணீர் தேங்கி, வெள்ளை இழைகள் கொழகொழவென்று ஆகியிருந்தன. அவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டு இடத்திலும் என் கட்டைவிரல் ரேகை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"அது மூச்சு விடற ஓட்டைங்க" என்றாள்.

அவள் அறைக்குள் போய், "முதலாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பை ரத்து செய்யப்பட்டுள்ளது" என்று அறிவித்தாள். வருந்துகிறோம் என்று சேர்க்கவில்லை. பிறகு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரெண்டாவதும் போச்சுன்னா நான் இனிமே எதையும் ஆரம்பிக்க மாட்டேங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பை செத்தால் வீட்டில் மறுபடியும் "ம்", "இல்ல", "உப்பு போதுமா" மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் கொன்றது ஒன்று. இன்னொன்றையாவது காப்பாற்றியாக வேண்டும்.

இரண்டாவது பை முழுக்க வெளுத்ததும் அவள் அதன் பக்கங்களில் கீறிவிட்டாள். இனி இருட்டு வேண்டாம், லேசான வெளிச்சமும் காற்றும் போதும், ஆனால் சுற்றிலும் ஈரம் எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்றாள். எங்கள் மீட்டரோ முப்பத்தெட்டு. இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த உறிஞ்சும் இயந்திரத்தை நானே என் கையால் நிறுத்தினேன். பையை ஹாலுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் ஈரத்துணிகளைத் தொங்க விட்டேன், தண்ணீர் தெளித்தேன். பத்து நிமிடத்தில் சுவர் அவ்வளவையும் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. அப்படிப்பட்ட பூச்சு, நான் கண்டுபிடித்தது. குளியலறையில் வைக்கலாமே என்பீர்கள். என் குளியலறையை நீங்கள் பார்த்ததில்லை. அதில் இரண்டு காற்று வெளியேற்றிகள் ஓடுகின்றன, நிறுத்துவதற்கு சுவிட்ச் வைக்கவில்லை. தும்மினால்கூடக் காய்ந்துவிடும்.

கடுகளவு மொட்டுகள் வந்தன. மறுநாளே மஞ்சளாகி உதிர்ந்தன.

"இன்னும் ஒரு தடவை மொட்டு விடும். அதுக்கப்புறம் அதுக்குத் தெம்பு இருக்காது" என்றாள்.

ஆக, எனக்கு அவசரமாக ஓர் ஓதம் பிடித்த சுவர் வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது? என் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வீட்ல எங்கயாச்சும் கசியுதா?"

"ஐயய்யோ, ஒரு சொட்டு இல்லைங்க!"

"கொஞ்சமா ஓதம் இருந்தாக்கூடப் பரவால்ல."

"சத்தியமா இல்லைங்க! சுவர் எலும்பாட்டம் காஞ்சு கெடக்கு. நீங்க வரவே வேணாம்!"

முப்பத்தோரு பேர், முப்பத்தோரு பதிலும் இதே பதில். சிலர் நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே இல்லை என்றார்கள். இருபத்திரண்டு வருட வெற்றி அவ்வளவு கசக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் பையை ஈரத்துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் காலடியில் நிறுத்திக்கொண்டு, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். யார் வீட்டிலாவது ஒரு மூலையாவது என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடவுளிடம் அப்படி ஒரு வரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதலில் தையற்கார அக்கா வீடு. நாலு வருடம் முன்பு அவர் வேலை செய்கிற அறையின் பின்சுவரைப் பூசிக் கொடுத்தேன். கதவை ஒரு விரற்கடை திறந்து என்னைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றார்.

"சும்மாதான் வந்தேன்க்கா" என்று உள்ளே நுழைந்தேன். அவர் ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்து கடகடவென்று மிதிக்க ஆரம்பித்தார். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய பீரோ நின்றது. பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, பீரோவை ஜன்னல் மேல வெச்சிருக்கீங்க?"

"வெயில் அடிக்குதுல்ல."

"அது வடக்குப் பக்கமாச்சே?"

"வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று இன்னும் வேகமாக மிதித்தார். அவர் நூல் மாற்ற நிறுத்திய அந்த நொடியில் பீரோவுக்குப் பின்னால் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. தகர டப்பாவில் சொட்டு விழுகிற சத்தம். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டி வைத்திருக்கிறவன் நான். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உடனே மறுபடி மிதித்தார். வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது பல் டாக்டர். அவருடைய மருத்துவமனையில் நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில், நடக்க வழியில்லாமல், ஒரு பீரோ. திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. வெற்று பீரோ. டாக்டர் "அதைத் தொடாதீங்க!" என்று வருவதற்குள் ஒரு தள்ளு தள்ளினேன். பின்னால் சுவர் முழுக்க உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளித்துக் கிடந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "நீங்க பூசிட்டுப் போனீங்களே, அதுக்கடுத்த மழையிலேர்ந்து."

"மூணு வருஷமா? ஏன் டாக்டர் சொல்லல?"

"சொன்னா நீங்க வந்துடுவீங்களே!" என்று வெடித்தார். "போன தடவை மூணு வாரம் உடைச்சீங்க. ஒரு பேஷன்ட் பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடியே தூசியில மயங்கி விழுந்துட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதோட, நீங்க வேலையை முடிச்சுட்டு அந்தச் சுவரைத் தடவிக் கொடுத்தீங்க பாருங்க, அந்த முகம். வண்டில வேற ஒரு புகாரும் இல்லைன்னு எழுதிவெச்சிருக்கீங்க. முதல் புகாரை நானா கொடுக்கறது? பீரோ வாங்கிட்டேன்."

"பீரோ யோசனை உங்களுதா?"

அவர் கூரையைப் பார்த்தார். "உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன்... அதாவது, எங்கயோ போன் பண்ணினேன். ஒருத்தங்க சொன்னாங்க."

"யாரு?"

"வாயை நல்லாத் திறங்க" என்று கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுவிட்டார். அதற்கு மேல் யாராலும் எதுவும் கேட்க முடியாது.

இன்னும் ஐந்து வீடு போனேன். ஐந்திலும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பீரோ. ஒரு வீட்டில் நடைவழியில் நின்றது, அந்தக் குடும்பமே பக்கவாட்டில் திரும்பித்தான் நடந்தது. இன்னொரு வீட்டில் சமையலறைக்குள் நின்றது, உள்ளே பட்டுப்புடவை இருந்தது. அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்கள். எனக்காக இத்தனை பேர் இப்படி முட்டிக்கொண்டும் இடித்துக்கொண்டும் வாழ்ந்திருக்கிறார்கள். என் மானம் போனது ஒரு பக்கம். அதைவிட, அவர்கள் என் மேல் காட்டிய கருணைதான் தாங்க முடியவில்லை. ஊரில் பீரோ செய்கிறவன் மட்டும் என் புண்ணியத்தில் நன்றாகப் பிழைத்திருக்கிறான்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் காலடியில் பை இருப்பதைப் பார்த்தேன். எதற்குப் போனேனோ அதை ஒரு வீட்டிலும் கேட்கவே இல்லை. துண்டும் காய்ந்துவிட்டிருந்தது.

பையை மேஜையில் வைத்தேன். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நேராக ஹால் சுவருக்குப் போனேன். வருகிறவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுகிற சுவர் அது. அதற்குப் பின்னால்தான் தண்ணீர்க் குழாய் ஏறுகிறது.

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். "என்ன பண்றீங்க?"

"உனக்கு ஈரம் வேணும்ல? ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கு. நம்ம வீட்ல மட்டும்தான் இல்ல. நானே கசிய வெக்கறேன்."

உளியை வைத்து ஓங்கினேன்.

"உடைக்காதீங்க."

"விடு."

"உடைக்காதீங்கன்னு சொல்றேன்ல?" என்றாள். படுக்கையறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பெட்ரூம் பீரோவை நகர்த்துங்க" என்றாள்.

பீரோ என்ற சொல் காதில் விழுந்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

இரண்டு பேருமாக நகர்த்தினோம். பின்னால் ஒரு கதவளவுக்குச் சுவர் கறுத்து, உப்பிக் கிடந்தது. தொட்டேன், விரல் நனைந்தது. எத்தனையோ வீடுகளில் மோந்து மோந்து பழகிய அதே வாடை, என் சொந்தப் படுக்கையறையில். இந்த வீட்டில் நான் முதல் முதலாகப் பூசிய சுவர் அதுதான். ஒன்பது வருடமாக அந்த பீரோவிலிருந்துதான் தினமும் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊர்ச் சுவரை உலர்த்தக் கிளம்பியிருக்கிறேன். சில நாள் சட்டை சில்லென்று இருக்கும். நல்ல துணி என்று நினைத்துக்கொள்வேன். மீட்டர் ஹாலில் முப்பத்தெட்டு காட்டியது, நான் மீட்டரை நம்பினேன்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"முதல் மழையிலேர்ந்து."

"ஒன்பது வருஷம்! எங்கிட்டயே மறைச்சியா?" என்று கத்தினேன். "டாக்டர், தையற்கார அக்கா, அவங்களுக்கெல்லாம் பீரோ யோசனை சொன்னதும் நீதானா?"

"ஆமா. போன் பண்ணி, அவர்கிட்ட எப்படிங்க சொல்றதுன்னு தவிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச வழியைச் சொன்னேன்."

"அப்போ இந்தப் பை காஞ்சுக்கிட்டிருந்தப்போ, பத்தடி தூரத்துல இவ்வளவு ஈரம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தியா?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கொண்டுவந்து வெச்சிருக்கலாம்ல?"

"வெச்சா நீங்க பார்த்துடுவீங்களே" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். "பத்தொன்பது வருஷம் செஞ்ச வேலை ஒண்ணுமில்லன்னு ஆனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது வேணாம்னு நினைச்சேன். பை போனாப் போகட்டும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பதினொரு மாதம் வாய் மூடிக் கிடந்தவள், பேச்சைத் திருப்பிக் கொடுத்த ஒரே பொருளையும் என் பலகையில் இருந்த ஒரு வரிக்காக விட்டுக்கொடுக்கப் பார்த்திருக்கிறாள். நானோ அவளுக்கு ஈரம் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். என்னைப் போல முட்டாளை நான் பார்த்ததில்லை. அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"பையை எடுத்துட்டு வா" என்றேன்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நீள இடம் விட்டு, மேலே ஆணி அடித்து, பையைத் தொங்க விட்டோம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஹாலிலிருந்து மீட்டரைக் கழற்றி வந்து பக்கத்தில் பிடித்தேன். முள் ஏறியது. ஐம்பது, அறுபது, எழுபது. என் கையில் அந்த மீட்டர் அவ்வளவு தூரம் போனதேயில்லை.

"எண்பத்தி நாலு!" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்கள்.

காலை, மதியம், மாலை என்று நானே தண்ணீர் தெளித்தேன். சுவரில் வழிந்ததைத் துடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் புரியாது. ஆறாம் நாள் மொட்டுகள் வந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், உதிரவில்லை. ஒன்பதாம் நாள் காலை, சாம்பல் வெள்ளையில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்துக் கொத்தாக விரிந்து நின்றன. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சிப்பிக் காளான், பீரோவுக்குப் பின்னால் உள்ள நடைமேடையை வந்தடைந்துவிட்டது." என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஒன்பது ஆண்டுத் தாமதத்திற்கு வருந்துகிறோம்."

"பரவால்ல" என்றேன்.

வதக்கிச் சாப்பிட்டோம். என் சுவரில் விளைந்தது என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது. பாதியைத் தட்டுகளில் மூடி எடுத்துக்கொண்டு தையற்கார அக்கா வீட்டுக்கும் டாக்டரிடமும் போய், மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் ஆகாமல், தூசி பறக்காமல் இலவசமாகச் சரி செய்து தருவதாகவும் சொன்னேன். இரண்டு பேரும் காளானைத் தின்றுவிட்டு, சுவர் அப்படியே இருக்கட்டும், எங்களுக்கும் ஒரு பை கிடைக்குமா என்றார்கள். அடுத்த மாதத்துக்குள் ஏழு வீட்டு பீரோக்களுக்குப் பின்னால் என் மனைவி கட்டிய பைகள் தொங்கின. ஸ்கூட்டர் பலகையில் இரண்டாவது வரியை அழித்துவிட்டேன். "இருபத்திரண்டு ஆண்டுகள்" என்பதோடு நிற்கிறது. எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கோடை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள். பல் டாக்டர். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் பூசின பூச்சு இப்பத்தான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குங்க! சுவர் சுத்தமாக் காஞ்சு போச்சு. மொட்டெல்லாம் வாடுது. உடனே வந்து ஏதாவது பண்ணச் சொல்லுங்க!"

அவள் ஆணியிலிருந்து புகார்ப் புத்தகத்தை எடுத்தாள். நூல் கட்டிய பேனாவை உதறி, முதல் பக்கத்தில், ஊருக்கே கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே எழுதினாள். "புகார் எண் ஒன்று. சுவரில் கசிவு நின்றுவிட்டது."

நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சிரித்தால் டாக்டருக்குக் கேட்டுவிடும்.

உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "இருங்க, நானும் வரேன். நீங்க தனியாப் போனா எதையாவது அடைச்சுட்டு வந்துடுவீங்க" என்று ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுகப் பேசினாள். ஈரச்சாக்கு தொங்க விடலாம், நனைத்த மணல் தட்டு வைக்கலாம், தையற்கார அக்காவின் பை எவ்வளவு விளைந்தது, அந்த நடைவழி வீட்டில் வெளிச்சம் போதாது. நடுவில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே சிக்னலில் நின்றோம். உள்ளே ஒலிபெருக்கியில் அவளுடைய குரல், நாற்பத்தேழாம் எண் பேருந்தின் தாமதத்திற்காக யாரிடமோ வருந்திக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவளுக்கு வேற வேலையே இல்ல" என்றாள் என் மனைவி. "நீங்க சிக்னலைப் பாருங்க. என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மணல் தட்டு..."